திருப்பலியில் முதன்முறை வாசகம் வாசிக்கப் போகிறவர்களுக்கு

காசிமேட்டுக் கோயிலில், திருப்பலி என்னும் பூசையில், நான் முதன்முதலாக வாசகம், அதாவது பைபிள் பகுதி, வாசித்தபோது எனக்குப் பதினைந்து வயது. தடுமாறாமல் கடகடவென்று முடித்துவிட்டேன். திருப்பலி முடிந்ததும் மீன் விற்கும் ஆயா ஒருவர் கையைப் பிடித்து, "இன்னா கண்ணு படிச்சே? ஒண்ணும் புரியலையே" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றைய இறைவார்த்தை என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

கத்தோலிக்கக் கோயிலில் வாசகர் இரண்டு வகை. ஆயர் (பிஷப்) சடங்கு நடத்தி நிலையாக நியமிப்பவர் ஒருவர். 1972இல் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் இதைக் குருக்கள் அல்லாத பொதுநிலையினரும் ஏற்கும் பணியாக மாற்றினார். அப்போது ஆண்களுக்கு மட்டும். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களும் ஏற்கலாம் என்று விதியை மாற்றினார். பங்குத்தந்தை பெயர் சொல்லி அழைக்கும் நாம் இரண்டாவது வகை, அன்றைக்கு மட்டும் வாசிப்பவர்கள். பொறுப்பு ஒன்றுதான்.

முதலில், எந்த வாசகம் என்று புதன்கிழமைக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். பைபிளில் அதற்கு முன்னும் பின்னும் உள்ளதையும் படியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் குரலில் உயிர் வராது.

அப்புறம், வீட்டில் சத்தமாக வாசியுங்கள். நம் வட சென்னைப் பேச்சை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பைபிளின் எசாயா நூலில் ஆண்டவருக்காக 'வழியை' ஆயத்தமாக்கச் சொல்வதை 'வலியை' என்று வாசித்தால் பொருளே போய்விடும். ழகரத்துக்கு அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். தூய ஆவி சீடர்கள்மேல் இறங்கியதைக் கொண்டாடும் பெந்தக்கோஸ்து ஞாயிறு வாசகத்தில் பார்த்தர், மேதியர், எலாமியர், கப்பதோக்கியா, பம்பிலியா என்று பெயர்கள் வரிசையாக வரும். அவசரப்படாதீர்கள். சீடர்கள் பேசியதை இத்தனை ஊர்க்காரர்களும் அவரவர் மொழியில் கேட்டார்கள் என்பதுதான் அங்கே செய்தி. ஒவ்வொரு பெயரும் தனியாகக் கேட்க வேண்டும்.

திருப்பலி அன்று கால் மணி நேரம் முன்னதாகப் போய், வாசக நூலில் பக்கத்தைப் பார்த்து வையுங்கள். மைக்கை உங்கள் உயரத்துக்குச் சரி செய்யுங்கள். 'முதல் வாசகம்' என்ற தலைப்பை வாசிக்க வேண்டாம்; "இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்" என்றே தொடங்குங்கள். முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு, நிமிர்ந்து மக்களைப் பார்த்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்லுங்கள். நற்செய்தி நம்முடையது அல்ல. அதைத் திருத்தொண்டரோ (குருவுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்) குருவோ வாசிப்பார்.

திருப்பலி முடிந்ததும் கடைசி வரிசையில் இருந்த ஒருவரிடம், "இன்னைக்கு வாசகத்துல என்ன சொன்னாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நான் இன்னும் கேட்கிறேன்.