பெயர்ப்பலகையை நம்பாதீர்கள், ஜெப புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

நான் சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவன். அமெரிக்காவுக்கு வந்த புதிதில் 'ஆங்கிலிக்கன்' என்று பலகை போட்டிருந்த ஆலயத்துக்குள் தைரியமாக நுழைந்தேன். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபைகளின் கூட்டான உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்த சபைதான் என்று நினைப்பு. இல்லை. இங்கே அந்த ஐக்கியத்தில் இருப்பது எபிஸ்கோப்பல் சபை.

சுதந்திரப் போருக்குப் பிறகு 'இங்கிலாந்துத் திருச்சபை' என்ற பெயர் இங்கே எடுபடுமா? 'பேராயர்கள் (பிஷப்புகள்) உள்ள சபை' என்று பொருள்படும் 'எபிஸ்கோப்பல்' என்ற பெயர் நிலைத்தது. இங்கிலாந்தில் பேராயராக வேண்டுமென்றால் ராஜாவுக்கு எடுக்க வேண்டிய விசுவாசப் பிரமாணத்தை எடுக்க முடியாத அமெரிக்கக் குரு சாமுவேல் சீபரி, 1784இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்குப் போய்ப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அந்தக் கடனை இன்றும் சபையின் கேடயச் சின்னத்தில் பார்க்கலாம். வெள்ளைப் பரப்பில் சிவப்புச் சிலுவை. இடது மேல் மூலையில் நீலக்கட்டம். அதற்குள் ஒன்பது குட்டிச் சிலுவைகள், ஸ்காட்லாந்தின் அந்திரேயா சிலுவை போல எக்ஸ் வடிவில். ஒன்பது என்பது ஆரம்பகாலத் திருமண்டலங்களின், அதாவது பேராயர் ஒருவரின் கீழுள்ள பகுதிகளின், கணக்கு. வாசலில் இந்தக் கேடயம் இருந்தால் சரி, எபிஸ்கோப்பல்தான்.

கேடயம் இல்லையா? உள்ளே போய் இருக்கைக்கு முன்னால் இருக்கும் ஜெப புத்தகத்தை எடுங்கள். 1979 பதிப்பு என்றால் பெரும்பாலும் எபிஸ்கோப்பல். 355ஆம் பக்கத்தைத் திருப்பினால் இக்கால ஆங்கிலத்தில் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பெறும்) ஆராதனை. 323இல் பழைய நடை. 2019 என்றால், 2009இல் தனியாக உருவான வட அமெரிக்க ஆங்கிலிக்கன் சபை. நான் போய் உட்கார்ந்தது அங்கேதான். 1928 என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அதன் முதல் பக்கத்திலும் எபிஸ்கோப்பல் என்றே இருக்கும், ஆனால் இன்று அதை விடாமல் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் 1976இல் பெண்களுக்குக் குருப்பட்டம் தர முடிவானதும் பிரிந்தவர்கள்.

புத்தகமே இல்லாமல் திரையில் வரிகள் ஓடினால், சபைத் தலைவருக்காக வேண்டும் மன்றாட்டு ஜெபத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எபிஸ்கோப்பல் சபைக்குத் தலைவர் 'பிரிசைடிங் பிஷப்' (தலைமைப் பேராயர்). 2009 சபையில் அவரை 'ஆர்ச் பிஷப்' என்பார்கள்.

அப்புறம், எந்தச் சபை என்று தெரியும்வரை திருவிருந்து எடுக்கத் தயக்கமாக இருந்தால், எபிஸ்கோப்பல் ஆலயங்களில் கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து முன்னால் போகலாம். ஆயர் அப்பம் தராமல் ஆசீர்வதித்து அனுப்புவார்.