காது மந்தமானவர்கள் செல்போனில் பேச: படிப்படியாக ஒரு விளக்கம்

போனில் குரல் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடவில்லை. காது மந்தமானவர்கள் பலர் சொல்லும் குறை இதுதான். வால்யூமை முழுக்க ஏற்றினாலும் இது தீராது. வயதால் வரும் காது மந்தம் பெரும்பாலும் உச்ச சுருதி ஒலிகளைத்தான் முதலில் பாதிக்கும். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வருவதால் அவை காதில் விழுந்துவிடும். ச, ஸ, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் மேல் சுருதியில் இருக்கிறது, அது விடுபட்டுப் போகிறது. போதாததற்கு, பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (சுருதியை அளக்கும் அலகு) வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். நேரில் பேசும்போது உதவுகிற முகமும் உதடும் போனில் இல்லை.

அதனால் கீழே உள்ளவற்றில் சத்தத்தைக் கூட்டுவது சிறு பகுதிதான். ஒரு நாளைக்கு ஒரு படி என்று செய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

படி 1: போன் சரியாக இருக்கிறதா?

காதைக் குறை சொல்வதற்கு முன் போனைப் பாருங்கள். காதில் வைக்கும் பக்கம் மேலே சிறிய ஒலித்துளை இருக்கும். அதில் தூசி அடைத்திருந்தாலோ, திரைமேல் ஒட்டிய கண்ணாடி அதை மறைத்திருந்தாலோ குரல் மங்கும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் லேசாகத் துடையுங்கள். ஊசி எதையும் விட வேண்டாம்.

அடுத்தது வால்யூம். ரிங் சத்தம், பாட்டுச் சத்தம், அழைப்புச் சத்தம் மூன்றும் போனில் தனித்தனி. சும்மா இருக்கும்போது பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் அழைப்புச் சத்தம் ஏறாது. யாரையாவது அழைத்து, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுத்த வேண்டும். இது தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் சிரமப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள். பழக்கத்தால் ஒரே காதில் வைத்திருப்போம், மற்றது நன்றாகக் கேட்கிற காதாக இருக்கலாம். ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போயிருந்தால் மட்டும் இந்த விளக்கத்தை மூடிவைத்துவிட்டு உடனே காது மருத்துவரிடம் போங்கள். அதற்குச் சீக்கிரம் சிகிச்சை தொடங்குவது மிக முக்கியம்.

படி 2: போனைப் பிடிக்கும் இடம்

காது மிஷின் போட்டிருப்பவர்கள் போனைக் காதுத் துளைக்கு நேராகப் பிடித்தால் பயன் குறைவு. குரலை வாங்குவது மிஷினின் மைக். காதுக்குப் பின்னால் மாட்டும் வகையில் அது காது மடலின் மேற்புறம் இருக்கும். போனின் ஒலித்துளையை அங்கே கொண்டுபோங்கள். கீச்சென்று விசில் அடித்தால் ஒரு விரல்கடை விலக்குங்கள், கொஞ்சம் சாய்த்தும் பாருங்கள். சரியான இடம் கிடைக்கச் சில அழைப்புகள் ஆகும்.

மிஷின் இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு ஹெட்போன். ஒரே குரல் இரண்டு காதிலும் வரும்போது ஒரு காதில் கேட்பதைவிட நன்றாகப் புரியும், வெளிச் சத்தமும் குறையும். அமைப்புகளில் மோனோ ஆடியோ என்பதையும் இயக்கிவிடுங்கள். வீடியோ பார்க்கும்போது இடப்பக்க ஒலி, வலப்பக்க ஒலி என்று பிரியாமல் முழு ஒலியும் நல்ல காதுக்கு வந்து சேரும். ஆனால் மணிக்கணக்கில் உச்ச சத்தத்தில் கேட்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம். மிச்சமிருக்கும் கேள்திறனைக் காப்பாற்ற வேண்டுமே.

படி 3: தெளிவான இணைப்பு

நெட்வொர்க் அமைப்புகளில் வோல்ட்டி (VoLTE) அல்லது 4ஜி காலிங் என்று, 4ஜி வழியாகவே பேச வைக்கும் வசதி ஒன்று இருக்கும். அதை இயக்குங்கள். இருமுனைகளிலும் இந்த வசதி இருந்து, நெட்வொர்க்கும் இடம் கொடுத்தால் சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி வரும். ‘ஸ’வின் சீறல் திரும்பக் கிடைக்கும். இணையம் நன்றாக இருந்தால் வாட்ஸ்அப் அழைப்பும் இதேபோலத் தெளிவாக இருக்கும். ஒரே நபரை இரண்டு வழியிலும் அழைத்து, எது உங்கள் காதுக்கு ஒத்துவருகிறது என்று பாருங்கள்.

படி 4: அழைப்பு வருவது தெரிய

கீச்சுக்குரல் ரிங்டோன் வேண்டாம். கட்டையான, தாழ்ந்த சுருதியுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதிர்வையும் சேர்த்து வையுங்கள். அமைப்புகளில், கையை விரித்து நிற்கும் மனித உருவம் போட்ட அக்சசிபிலிட்டி பகுதியில், அழைப்பு வரும்போது கேமரா விளக்கு மின்னும் வசதி பல போன்களில் உண்டு. வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர் இருந்தால் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

படி 5: பேச்சை எழுத்தாகப் படிக்க

இவ்வளவிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கூகுள் 2019-ல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலி, எதிரில் பேசுவதை அப்போதைக்கப்போதே எழுத்தாகத் திரையில் காட்டும். தமிழிலும் காட்டும், கட்டணம் இல்லை.

ஆண்ட்ராய்டு போனில் அக்சசிபிலிட்டி பகுதிக்குள் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பிளே ஸ்டோரில் தேடிப் பதிவிறக்குங்கள். திறந்ததும் மைக்கைப் பயன்படுத்த அனுமதி கேட்கும், கொடுங்கள். அதன் அமைப்புகளில் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்து, எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். இணையம் இயங்க வேண்டும். பேசுகிறவர் அருகில் போனை வைத்தால் வரி வரியாக எழுத்து ஓடும்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரு போனில் அழைப்பு ஓடும்போது மைக்கை அந்த அழைப்பு எடுத்துக்கொள்ளும். அதே போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் வேலை செய்யாது. வழி என்னவென்றால், அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப்பைத் திறந்து வைப்பது. வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பழைய போன் இதற்குப் போதும், சிம் கூட வேண்டாம், வைஃபை இருந்தால் சரி. பேச்சுவழக்கும் ஆட்பெயர்களும் எண்களும் அடிக்கடி தப்பாக வரும். அதனால் எழுத்தையும் காதில் விழுவதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். பேச்சு எழுத்தாகிக்கொண்டிருக்கிறது என்று எதிர்முனையில் இருப்பவருக்கும் சொல்லிவிடுங்கள், அதுதான் மரியாதை.

படி 6: காது மிஷினை போனுடன் இணைக்க

உங்கள் மிஷினில் புளூடூத் இருந்தால் குரல் நேராக மிஷினுக்குள் வரும். போனைக் காதில் வைக்கவே வேண்டாம். போனில் புளூடூத்தை இயக்குங்கள். மிஷினை அணைத்துவிட்டுத் திரும்ப இயக்குங்கள் (பேட்டரி வகை என்றால் பேட்டரிக் கதவைத் திறந்து மூடுங்கள்). சில நிமிடங்களுக்கு மட்டும் அது இணைப்புக்குத் தயாராக இருக்கும். ஐபோனில் அக்சசிபிலிட்டிக்குள் ஹியரிங் டிவைசஸ் என்ற இடத்தில் மிஷினின் பெயர் வரும், அதைத் தொடுங்கள். ஆண்ட்ராய்டில் 10-ம் பதிப்பு முதல் இந்த வசதி வந்தாலும் எல்லா போனிலும் எல்லா மிஷினும் இணையாது. வாங்குவதற்கு முன் மிஷின் நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் போன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புளூடூத் இல்லாத மிஷினிலும் டெலிகாயில் இருக்கலாம். இது போனின் குரலை மைக் இல்லாமல் காந்தப்புலம் வழியாக வாங்கும் சிறு கம்பிச்சுருள். போன் விவரக்குறிப்பில் எம்3, டி3 போல எழுதியிருந்தால், எம் என்பது மிஷினின் மைக் வழியாகக் கேட்பதற்கு, டி என்பது டெலிகாயில் வழியாகக் கேட்பதற்கு. 3-ம் 4-ம் நல்லவை.

படி 7: எதிர்முனையில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்

பலர் தயங்குவது இங்கேதான், அதிகப் பலன் கிடைப்பதும் இங்கேதான். அழைப்பின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்: “எனக்குக் காது கொஞ்சம் மந்தம். கத்த வேண்டாம், நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.” கத்தும்போது உயிரொலிகள்தான் உரக்கின்றன, மெய்யொலிகள் பின்தங்கிவிடும், போனிலும் குரல் உடையும்.

புரியாதபோது “என்ன?” என்று கேட்டால் அதே வாக்கியம் அதே வேகத்தில் திரும்ப வரும். விட்டுப்போன இடத்தை மட்டும் கேளுங்கள்: “வருவது செவ்வாயா, வியாழனா?” எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். இருபதும் அறுபதும் மந்தமான காதுக்கு ஒன்றுபோல இருக்கும். “ஆறு, பூஜ்யம்” என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லி, நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள். மருந்தின் அளவு, பணம், முகவரி மூன்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். புரியாமல் “சரி, சரி” என்று சொல்லி வைக்காதீர்கள். அவசரப்படுத்திப் பணம் கேட்கும் முன்பின் தெரியாத அழைப்புகளில் அந்த “சரி” பெரிய நஷ்டத்தில் கொண்டுபோய் விடும்.

நெருங்கியவர்களோடு வீடியோ அழைப்பில் பேசுங்கள். வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டு உதட்டசைவு தெரியாது.

கடைசியாக ஒரு சின்ன ஏற்பாடு. அழைப்பை எடுக்க முடியாதபோது குறுஞ்செய்தியால் பதில் அனுப்பும் வசதி பெரும்பாலான போன்களில் இருக்கிறது. அழைப்புச் செயலியின் அமைப்புகளில், தயாராக வைத்திருக்கும் பதில்களைத் திருத்தும் இடம் இருக்கும். அதில் ஒன்றை நீக்கிவிட்டு, “எனக்குக் காது சரியாகக் கேட்காது. தயவுசெய்து செய்தியாக எழுதுங்கள்” என்று எழுதிச் சேமியுங்கள். சத்தமான இடத்தில் அழைப்பு வந்தால் அந்த ஒரு வரியைத் தொட்டால் போதும், விஷயம் எழுத்தில் வந்து சேரும்.