பலகையைக் கழற்றும் முன்: ஊர்ச் செலவைக் கேட்கும்போது நாம் செய்கிற தவறுகள்

எங்கள் கோவிலுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கை, அதாவது மழைநீர்க் கால்வாயை, சில வருடங்களுக்கு முன் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். வேலை ஆரம்பித்த வாரத்தில் திட்டப் பலகை ஒன்றை நட்டார்கள். வேலையின் பெயர், குத்தகையாளர், செலவுத் தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் அதில் இருந்தன. பசாருக்குப் போகும்போதும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவரும்போதும் எங்கள் தாமான் குடியிருப்பில் அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் போனோம். அடுத்த மழைக்காலத்திலேயே சிமெண்ட் பெயர்ந்து, பழையபடி தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. "எவ்வளவுக்கு எடுத்தான்? யார் எடுத்தான்?" என்று அப்போதுதான் கேட்டோம். பலகை எப்போதோ போயிருந்தது. ஒருவர் கைப்பேசியிலும் அதன் படம் இல்லை.

அந்தப் பலகையில் இருந்த ஆறு வரியைத் திரும்பப் பெற எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்னப் பட்டணம் எங்களுடையது. இங்கே பொதுப்பணத்தைப் பற்றிக் கோபம் நிறைய உண்டு, தாள் கிடையாது. அந்த எட்டு மாதத்தில் நாங்கள் செய்த தவறுகளையும், பக்கத்துத் தாமான்களில் இன்றும் நடக்கிற தவறுகளையும் இங்கே எழுதுகிறேன். பந்திங்கிலோ, பெஸ்தாரி ஜெயாவிலோ, சுங்கை சிப்புட்டிலோ இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தவறான வாசல்

நாங்கள் செய்த பெரிய தவறு, லோங்காங் என்றால் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டது. கையெழுத்து வாங்கினோம், மகஜர் எழுதினோம், எங்கள் மன்றமான நகராண்மைக் கழகத்தில் கொடுத்துச் சாப்பு (அலுவலக முத்திரை) வாங்கினோம். அடுத்த நகலைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்தோம். மாதங்கள் போயின. கடைசியில், அந்த வேலை மன்றத்தின் வேலையே இல்லை, மாநில ஒதுக்கீட்டில் மாவட்ட நில அலுவலகம் வழியாக நடந்தது என்று தெரிந்தது. வேலையை நடத்தும் அலுவலகத்தின் பெயரும் அந்தப் பலகையிலேயே இருந்திருக்கும்.

தோட்டப் பட்டணத்தில் இந்தக் குழப்பம் மற்ற ஊர்களைவிட அதிகம். ஒரே சாலையில் அரை மைல் நடந்தால் மூன்று நான்கு பேருடைய பொறுப்பைக் கடந்துவிடுகிறோம். பெரிய சாலையும் அதன் ஓரக் கால்வாயும் பொதுப்பணி இலாகா, அதாவது ஜேகேஆர். ஆறும் பெரிய பாரிட்டும் (வாய்க்காலும்) வடிகால் நீர்ப்பாசன இலாகா, ஜேபிஎஸ். தாமானுக்குள் இருக்கும் சாலை மன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தால் மன்றத்தின் பொறுப்பு. ஒப்படைக்கப்படாத பழைய தாமான்கள் இன்னும் உண்டு, அதை முதலில் கேட்க வேண்டும். தோட்ட எல்லைக்குள் நுழைந்துவிட்டால் நிலம் கம்பெனியுடையது. லயத்து வீட்டுக்கு முன்னால் கால்வாய் அடைத்துக் கிடந்தால் மன்றத்தின் பட்ஜெட்டைப் புரட்டிப் பயன் இல்லை. 20 ஹெக்டருக்குக் குறையாத தோட்டங்களில் தொழிலாளர் வீடு, தண்ணீர், சுகாதாரம் எல்லாம் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி முதலாளியின் கடமை. அதைக் கேட்க வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா.

சாலையைப் பற்றிக் கேட்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "இந்தச் சாலை மாரிஸில் பதிவாகியிருக்கிறதா?" மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு கொடுக்கும் மானியத்துக்கான பதிவேடு அது. கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் 109ஆவது பிரிவில் அந்த மானியம் இருக்கிறது. பதிவான சாலைக்குத்தான் பணம் வரும். வருடக் கணக்காகக் குழி மூடப்படாத சாலைக்குப் பின்னால் சில நேரம் பதிவாகாத எண் ஒன்றே காரணமாக இருக்கும். பதிவாகியிருந்தும் குழி மூடப்படவில்லை என்றால், நம் கேள்விக்கு அப்போதுதான் பல் முளைக்கிறது.

"நாம ஓட்டுப் போடலையே, எப்படிக் கேக்கிறது?"

தோட்டத்திலிருந்து வெளியே வந்து தாமானில் வீடு வாங்கிய பெரியவர்களிடம் இந்தத் தயக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது, நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பது உண்மை. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அப்போது அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் வயதானவர்களுக்கு உடனே தெரியும். தேர்தல் வழியாக அமையும் மன்றங்களே தொடர வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் 171ஆம் சட்டம், ஊராட்சி அரசாங்கச் சட்டம், தேர்தலுக்கு முற்றாகக் கதவடைத்தது.

ஆனால் அதே சட்டம் வேறு இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. அவற்றை நாம் தட்டுவதே இல்லை. 23ஆவது பிரிவின்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. மன்றம் தீர்மானம் போட்டு மூடினால்தான் மூடியது. 27ஆவது பிரிவின்படி கூட்டக் குறிப்புகளை வரி செலுத்துகிறவர் நியாயமான நேரத்தில் பார்வையிடலாம். ஓட்டு இல்லாவிட்டாலும் வரி ரசீது இருக்கிறது. பிப்ரவரிக்குள் ஒரு முறை, ஆகஸ்டுக்குள் ஒரு முறை என்று சுக்காய் பிந்து என்ற வீட்டு வரியைக் கட்டுகிறோமே, கூட்டக் குறிப்பைப் பார்க்கப் போகும்போது அந்த ரசீதைக் கையில் கொண்டு போங்கள். தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த பில் வராது. அவர்கள் தாமானில் வீடு வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

முழுக் கூட்டம் திறந்தது என்பதற்காக எல்லாக் கூட்டமும் திறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. செயற்குழுக் கூட்டங்கள், அந்தக் குழுவே தீர்மானித்தால் ஒழிய, மூடியவைதான். டெண்டரைப் பரிசீலிக்கும் குழுவின் வாசலில் போய் நின்று "உள்ளே விடவில்லை" என்று வீடியோ போடுவதால் ஒன்றும் ஆகாது. அந்தக் குழுவின் முடிவு முழுக் கூட்டத்துக்கு வரும்போது குறிப்பில் ஏறும். அதைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்பது

"கடந்த பத்து வருடச் செலவுக் கணக்கு முழுவதும் வேண்டும்" என்று எழுதிய கடிதம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவரின் ஆத்திரம் எனக்குப் புரிந்தது. ஆனால் அப்படிக் கேட்டால், பதில் சொல்ல விரும்புகிற அதிகாரிக்குக்கூட எங்கே தொடங்குவது என்று தெரியாது. பதில் சொல்ல விரும்பாதவருக்கோ நாமே காரணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு வேலை, ஒரு இடம், ஒரு தாள். "இன்ன தாமான், இன்ன ஜாலான் (தெரு) கால்வாய் வேலைக்கான குத்தகை வழங்கிய கடிதம், அளவுப் பட்டியல், வேலை முடிந்த சான்றிதழ்" என்று கேளுங்கள். மூன்றும் எந்த வேலைக்கும் இருக்க வேண்டிய தாள்கள். அளவுப் பட்டியல் கைக்கு வந்துவிட்டால் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். அதில் 80 மீட்டர் என்று இருந்தால் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்க்கலாம். கட்டடக் குத்தகையில் கூலி வேலை பார்த்த அண்ணன் ஒருவர் ஒவ்வொரு தாமானிலும் இருப்பார். அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

நாங்கள் தாளைப் பெற்றது சிலாங்கூரின் 2011ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் வழியாக. பினாங்கிலும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. சிலாங்கூரில் மாநில இலாகாக்களுக்கும் ஊராட்சி மன்றங்களுக்கும் அது பொருந்தும். மனுவைத் தகவல் அதிகாரியிடம் கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். இதில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று படிவத்தில் எழுத வேண்டும், எழுதிய நோக்கத்துக்கு மாறாக அந்தத் தகவலைப் பயன்படுத்துவது குற்றம். "என் சொந்தத் தெரிந்துகொள்ளலுக்கு" என்று எழுதிவிட்டு, கிடைத்த தாளைத் தாமான் கூட்டத்தில் வாசித்தால் சிக்கல் நமக்குத்தான். குடியிருப்போர் கூட்டத்தில் விவாதிக்கவும், புகார் கொடுக்கவும், மக்களுக்குத் தெரிவிக்கவும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்குக் கூட்டக் குறிப்பு இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரைச் சட்டமன்றத்தில் எழுத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம். அதற்கு வரும் பதில் அதிகாரபூர்வமானது, பிறகு யாரும் அதை மறுக்க முடியாது.

எண்ணைப் பார்த்ததும் கொதிப்பது

பட்ஜெட்டில் பெரிய எண் ஒன்றைப் பார்த்து வட்டம் போட்டு, அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, அது மதிப்பீடா, நடந்த செலவா என்பது. வருட ஆரம்பத்தில் போட்ட மதிப்பீட்டை வைத்துக்கொண்டு "இவ்வளவு செலவழித்துவிட்டார்கள்" என்று சொன்னால் ஒரே வரியில் நம்மை மடக்கிவிடுவார்கள்.

அரசாங்கக் கணக்கு முறையில் 10000 என்று தொடங்குவது சம்பளம், 20000 சேவையும் பொருளும், 30000 சொத்து. 29000 என்ற தலைப்பில் விருந்தோம்பல் என்ற சொல்லைப் பார்த்ததும் "தின்றே தீர்த்துவிட்டார்கள்" என்று கத்துவார்கள். வெளியாரிடம் வாங்கும் சேவைகள், நிபுணர் கட்டணம் எல்லாமும் அதே தலைப்பில்தான் வருகின்றன. உடைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதுதான் முறை. உடைத்துக் காட்டிய பிறகும் விருந்துதான் பெரிது என்றால், அப்போது பேசுவோம்.

சின்ன வேலைகளில் கண்ணை வையுங்கள். ஜி1 என்ற ஆகக் கீழ் வகுப்புக் குத்தகையாளர் ஒரு வரம்புத் தொகை வரையிலான வேலைதான் எடுக்க முடியும். ஒரே வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, வரம்புக்குள் அடங்குகிற மாதிரி கொடுக்கக் கூடாது என்பது நிதி விதி. ஒரே ஜாலானில் ஒரே மாதத்தில் மூன்று தனி வேலை, மூன்றும் வரம்புக்குச் சற்றுக் கீழே என்றால் கேட்கத்தான் வேண்டும். அதற்காக மூன்று வேலை அடுத்தடுத்து நடந்தாலே திருட்டு என்று ஆகிவிடாது. வேலைகள் உண்மையிலேயே வேறு வேறாகவும் இருக்கலாம்.

கணக்காய்வைப் பற்றி ஒரு வார்த்தை. மன்றத்துக்குக் குறையில்லாத சான்றிதழ் கிடைத்தது என்று செய்தி வந்ததும் சிலர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் நிதி அறிக்கையின் எண்கள் சரியாகக் காட்டப்பட்டிருக்கின்றன என்றுதான் சொல்கிறது. உங்கள் வீட்டு முன்னால் கால்வாய் ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்பதை அது சொல்வதில்லை.

பேஸ்புக்கில் போட்ட பிறகு

இந்தத் தவறு ஆளையே கவிழ்க்கக்கூடியது. சந்தேகத்தைச் சந்தேகமாகச் சொல்லாமல், பெயர் போட்டு "திருடன்" என்று எழுதிவிடுகிறோம். தனிமனிதர் வழக்குப் போடலாம். அரசாங்கமும் அவதூறு வழக்குப் போடலாம் என்று 2018இல் சரவாக் வழக்கொன்றில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அலுவலகத்துக்குள்ளேயே வேலை செய்து, தப்பைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதைக் கெஞ்சிச் சொல்கிறேன். 2010ஆம் ஆண்டின் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க அமைப்பிடம் போய்ச் சொன்னவரைத்தான் காக்கிறது. ஊருக்கெல்லாம் சொன்னவரை அது காப்பதில்லை. ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம்மிடம் புகார் கொடுத்தால், 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆவது பிரிவு அந்தப் புகாரை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. புகார்த் தாளைக் கையில் பிடித்துப் படம் எடுத்துப் போடுவது வீரமாகத் தெரியும். விசாரணைக்கு அதுவே இடைஞ்சலாகிவிடும்.

கடிதத்தை எழுத்தில் கொடுங்கள், நகலில் சாப்பு வாங்குங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். கவுண்டரில் வாய்மொழியாகக் கேட்டதைக் கேட்டதாகவே எண்ணாதீர்கள்.

எட்டாவது மாதம் எங்கள் கைக்குத் தாள் வந்தது. குத்தகையாளர் பெயர், தொகை, 110 மீட்டர் என்ற அளவு எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது: குறைபாட்டுப் பொறுப்புக் காலம், 12 மாதம். வேலை முடிந்த நாளிலிருந்து அந்தக் காலத்துக்குள் பெயர்ந்ததை, உடைந்ததைக் குத்தகையாளர் தன் கைக்காசைப் போட்டுச் சரிசெய்ய வேண்டும். மறுபடி பொதுப்பணம் போகாது. எங்கள் கால்வாய்க்கு அந்தக் காலம் ஐந்து வாரத்துக்கு முன்னால் முடிந்திருந்தது. தண்ணீர் புகுந்த வீட்டில் இருக்கும் பாட்டியிடம் இதைப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "விடு தம்பி, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

இப்போது எங்கள் தாமானில் எந்தப் பலகை நட்டாலும் அன்றே யாராவது படம் எடுத்துவிடுகிறார்கள். வேலை முடிந்த நாளையும், பொறுப்புக் காலம் முடியும் நாளையும் மளிகைக் கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம். பாலர் பள்ளிக்கு எதிரே உள்ள கால்வாய்க்கு வரும் நவம்பர் வரை நேரம் இருக்கிறது. இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. கடிதம் போன வாரமே போய்விட்டது, நகலில் சாப்பும் இருக்கிறது.