பாலிஅனிலின் பூசிய டைட்டானியம் டை ஆக்சைடு: செய்முறையும் ஏமாறாத சோதனையும்

சாயக் கரைசலில் பொடியைப் போட்டு வெளிச்சத்தில் வைத்தால் நிறம் போய்விடும், உடனே மாசு சிதைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். பாலிமர் கலந்த ஒளிவினையூக்கிகளில், அதாவது ஒளி பட்டதும் தண்ணீரிலுள்ள மாசைச் சிதைக்கும் பொடிகளில், இது ரொம்ப அவசரமான முடிவு. பாலிமர் சாயத்தைத் தன் பரப்பில் பிடித்து வைத்துக்கொண்டாலும் தண்ணீர் தெளிந்துதான் போகும். அதனால் தயாரிப்பை விடச் சோதனைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பாலிமர் எதற்கு? அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைக் கிளப்பிவிடத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 388 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீள ஒளி அதற்குப் பயன்படாது. சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கோ 5 சதவீதம் அளவுதான். மின்கடத்தும் பாலிமரான பாலிஅனிலின் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை ஆக்சைடின் கடத்தல் பட்டைக்கு (எலக்ட்ரான் தடையின்றி நகரும் ஆற்றல் மட்டத்துக்கு) தள்ளுகிறது, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அதை வாங்கிக்கொண்டு சூப்பர் ஆக்சைடு என்ற வினைத்திறன் மிக்க வடிவமாகிறது, மாசைத் தாக்கும் வேலை அதிலிருந்து தொடங்குகிறது.

சரி, செய்முறை. 5 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ பொடியை 100 மில்லி 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, கட்டிகள் உடையும்வரை அல்ட்ராசானிக் தொட்டியில் வையுங்கள். பிறகு பாலிமரின் மூலப்பொருளான அனிலின் 0.25 மில்லி. அது பழுப்பாக இருந்தால் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்று அர்த்தம், காய்ச்சி வடித்துப் பயன்படுத்துங்கள். அனிலின் தோல் வழியாகவே உடலுக்குள் போய் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும், ஆகவே கையுறையும் ஃப்யூம் ஹுட்டும் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) இல்லாமல் புட்டியைத் திறக்கவே கூடாது. பனிக்கட்டித் தொட்டியில் 0 முதல் 5 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துக் கலக்கிக்கொண்டே, அனிலினைப் பாலிமராக்கும் ஆக்சிஜனேற்றியான அம்மோனியம் பெர்சல்பேட் 0.78 கிராமை 20 மில்லி குளிர்ந்த அமிலத்தில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள் (மோல் கணக்கில் அனிலினைப் போல 1.25 மடங்கு). வெள்ளைக் கலவை நீலம் தட்டி, அப்புறம் பச்சைக்கு மாறும். சில மணி நேரம் கலக்கிவிட்டு வடிகட்டி, தண்ணீரிலும் எத்தனாலிலும் வடிநீர் நிறமற்று வரும்வரை கழுவி, 60 டிகிரியில் உலர்த்துங்கள். இந்தக் கழுவலில் சோம்பல் பட்டால் முழுதாக வளராத குட்டைப் பாலிமர் சங்கிலிகள் தங்கி, சோதனையின்போது தண்ணீரில் கசிந்து அளவைக் குழப்பும்.

பாலிமரைக் கூட்டினால் வேகமும் கூடும் என்று நினைக்காதீர்கள், தடித்த பூச்சு ஒளியையும் மாசையும் ஆக்சைடை அண்டவிடாது. இன்னொன்று, இதே முறையில் துத்தநாக ஆக்சைடைப் போட்டால் அமிலத்தில் அது கரைந்தே போய்விடும். அதற்குப் பாலிமரைத் தனியாகச் செய்து, அதில் பிணைந்த அமிலத்தை அம்மோனியாவால் நீக்கி, தகுந்த கரைப்பானில் கரைத்து ஆக்சைடோடு சேர்க்க வேண்டும்.

இனி சோதனை. லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயம் உள்ள கரைசல் 100 மில்லி, அதில் 100 மில்லிகிராம் பொடி. முதலில் இருட்டில் கலக்குங்கள். அரை மணி நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தாமல், அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒன்றாக வரும்வரை காத்திருங்கள், அந்தச் செறிவுதான் உங்கள் தொடக்கப் புள்ளி. கூடவே பொடியில்லாமல் ஒளி மட்டும், ஒளியில்லாமல் பொடி மட்டும், பூசாத ஆக்சைடு, தனிப் பாலிமர் என்று எல்லாவற்றையும் ஓட்டுங்கள். மாதிரியைச் சென்ட்ரிஃப்யூஜில் பிரிப்பது நல்லது, சில வடிதாள்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுநிலை நீரில் பச்சைப் பொடி நீலமாக மாறினால் பாலிமரிலிருந்து அமிலம் வெளியேறுகிறது, பிஎச்சைக் குறித்துக்கொள்ளுங்கள், சாயம் ஒட்டும் அளவே அதனால் மாறும்.

மெத்திலீன் புளூவைத்தான் பலரும் எடுக்கிறார்கள், ஆனால் அது சிக்கலான சாட்சி. அது ஒளியை உறிஞ்சும் வரைபடத்தில் 664 நானோமீட்டர் முகடு இடப்பக்கம் (குறைந்த அலைநீளப் பக்கம்) நகர்ந்தால் மெத்தில் தொகுதிகள் மட்டும் உதிர்கின்றன. நிறமற்ற ஒடுக்க வடிவத்துக்குப் போயிருந்தால் காற்றுப் படக் குலுக்கியதும் நீலம் திரும்பி வரும். அது தானே ஒளியை உறிஞ்சி ஆக்சைடுக்கு எலக்ட்ரான் கொடுக்கவும் செய்யும், பூசாத ஆக்சைடுகூட கண்ணுறு ஒளியில் வேலை செய்வதுபோலத் தோன்றும். கண்ணுறு ஒளித் திறனைக் காட்ட வேண்டுமென்றால் 420 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுக்கும் வடிப்பான் வைத்து ஃபீனால் போன்ற நிறமற்ற மாசை எடுத்து, ஹெச்பிஎல்சியில் (கலவையின் பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளவிடுங்கள். மொத்தக் கரிமக் கார்பன் (தண்ணீரிலுள்ள கரிமப் பொருட்களின் கார்பன் அளவு) குறைந்தால்தான் மாசு முழுமையாகச் சிதைந்தது என்று சொல்ல முடியும். கரிமக் கார்பனை அளக்கும் கருவி கைவசம் இல்லையென்றால், மெத்திலீன் புளூவோடு பயன்படுத்திய பொடியை எத்தனாலில் குலுக்கிப் பாருங்கள், திரவத்தில் நீலம் இறங்கினால் அந்தச் சாயம் சிதையவில்லை, ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒளிவினையில் உருவாகி எதையும் தாக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளுக்கு மாசு, பாலிமர் என்ற வேறுபாடு கிடையாது, பூச்சையும் தின்னும். பொடியை வெறும் தண்ணீரில் போட்டு அதே விளக்கின் கீழ் வைத்து, கரிமக் கார்பன் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போன பொருளே மாசைச் சேர்க்கிறது, வேறு பாலிமரைத் தேட வேண்டியதுதான். மறுபயன்பாட்டுச் சுற்றுகளில் ஒவ்வொரு முறையும் பொடியை உலர்த்தி எடை பாருங்கள், கழுவும்போது கொஞ்சம் போய்விடும், அந்த இழப்பைக் கணக்கில் கொள்ளாமல் வினையூக்கி சோர்ந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது.