பிள்ளையின் பெயரைப் பள்ளியில் எப்படிக் கொடுப்பது?

அமெரிக்காவில் வந்து இறங்கியதும் வீடு, கார், வங்கிக் கணக்கு என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஓட்டத்திலும், பள்ளி விண்ணப்பத்தின் பெயர்க் கட்டத்தை மட்டும் நிதானமாக நிரப்புங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பள்ளி அலுவலகத்தில் அதை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டால், வகுப்பில் அந்த மூன்று எழுத்துதான் பிள்ளையின் பெயர். அப்பா பெயரை சர்நேமாகப் போட்டவர்கள், தாத்தா பெயரோடு இருக்கும் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சர்நேம் ஏன் வேறு என்று அலுவலகத்தில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

பல விண்ணப்பங்களில் 'பிரிஃபர்டு நேம்' என்று தனிக் கட்டம் இருக்கும். வகுப்பில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அங்கே எழுதலாம். எழுதுவதற்கு முன் பிள்ளையைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

என் மகள் பெயரில் 'ழ' இருக்கிறது. ஆசை ஆசையாகத் தேடி வைத்த பெயர். மாற்று ஆசிரியர் வரும் நாட்களில், வருகைப் பட்டியலை வேகமாகப் படித்துக்கொண்டு வருபவர் ஓரிடத்தில் நின்றுவிடுவாராம். அடுத்தது தன் பெயர்தான் என்று தெரிந்து, அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் கையைத் தூக்கி "ஹியர்" என்றுவிடுவாளாம். மூன்றாம் வகுப்பு முழுக்க இப்படித்தான். ஒருநாள் இரவு தோசை சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே வகுப்பு ஆசிரியருக்குப் பெயரை அசை பிரித்து எழுதி, நானே உச்சரித்துப் பதிவு செய்த குரலையும் அனுப்பினேன். அவருக்கு 'ழ' வரவில்லை, 'ல' என்கிறார். நம் ஊரிலும் எத்தனையோ பேருக்கு வராத எழுத்துதானே! அவர் முயற்சி செய்ததே மகளுக்குப் பெரிய சந்தோஷம்.

வேறு பெயர் வேண்டும் என்று பிள்ளை அழுதால், "பாட்டி வைத்த பெயர்" என்று வாயை அடைக்காதீர்கள். அன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பெயரிலேயே ஒரு பகுதியைச் சுருக்கிக்கொள்ள விரும்பினால், சரி என்று விடுங்கள்.

செல்லப் பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. பூங்கொடியை வீட்டில் 'பூ' என்போம். இங்கே பிள்ளைகள் மலத்துக்குச் சொல்லும் வார்த்தை அது. பள்ளி வாசலில் அப்படிக் கூப்பிட்டுவிட்டால் மறுநாள் கேலியைப் பிள்ளைதான் தாங்க வேண்டும். குண்டு, கருப்பி போன்ற பெயர்களை வீட்டுக்குள்ளும் விட்டுவிடுங்கள். அவை எந்த ஊரிலும் வலிக்கும்.

என் மகளுக்கு வீட்டில் 'பட்டுக்குட்டி' என்றால் இப்போதும் பிடிக்கும். தோழிகள் முன்னால் மட்டும் கூடாது. ஊரிலிருந்து வீடியோ காலில் வரும் பாட்டிக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறோம். "பக்கத்தில் யாரும் இருக்காங்களா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டி அந்தப் பெயரைச் சொல்கிறார்.