வைட்டமின் ரத்தப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் அதை லேபில் சொல்வதில்லை. வைட்டமின்தானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற நினைப்பு. ஆனால் வைட்டமின் டி, பி12 பார்க்கும் பல கருவிகள், பயோட்டின் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்வதை நம்பித்தான் வேலை செய்கின்றன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும். இந்த மாத்திரைகளிலோ 5,000, 10,000 என்று இருக்கும். அந்த மிச்சம் ரத்தத்தோடு கருவிக்குள் போய் இடத்தை அடைத்துக்கொண்டால், உண்மையில் குறைவாக இருக்கும் டி-யும் பி12-உம் கூடுதலாகத் தெரியும். தைராய்டு ரிப்போர்ட்டும் தப்பாகலாம். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பது டோஸைப் பொறுத்தது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தப்பான டெஸ்டைக் கேட்டு வாங்குவது. உடலில் டி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி டெஸ்ட் வேண்டும். 1,25-டைஹைட்ராக்ஸி என்பது அதன் செயல்படும் வடிவம். பெயரைக் கேட்டால் இதுதான் மேலானது போலத் தோன்றும். ஆனால் டி குறையும்போது பாராதைராய்டு ஹார்மோன் ஏறி இந்த வடிவத்தைக் கூடுதலாக உண்டாக்கும் என்பதால், பற்றாக்குறை இருப்பவருக்கும் எண் நார்மலாகவே வரலாம்.

அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவதும் வழக்கமான தப்பு. போன ரிப்போர்ட்டில் டி 30, இப்போது 60. இரட்டிப்பாகிவிட்டதா? முதலாவது மில்லிலிட்டருக்கு நானோகிராம், இரண்டாவது லிட்டருக்கு நானோமோல் என்றால், 60-ஐ 2.5-ஆல் வகுக்க வேண்டும். வருவது 24. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

பி12 குறைவா என்று பார்க்கப் போகிறவர்கள், டெஸ்டுக்கு முன்பே மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். பழைய நிலை தெரியாது. கை கால் மரத்துப்போகிறது, ஆனால் பி12 எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றால், அந்த ஒரு எண்ணோடு விடக்கூடாது. பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் இரண்டையும் பார்க்கச் சொல்வார்கள்.

சாம்பிளைக் கையாள்வது லேபின் பொறுப்பு. இருந்தாலும் ஏ, பி6 வெளிச்சத்தில் சிதையும் என்பதால் குழாயை ஃபாயிலில் சுற்றி வைத்தார்களா என்று ஒரு பார்வை பார்க்கலாம். வைட்டமின் சி இன்னும் மோசம், வெளியில் வைத்தால் சீக்கிரம் குறைந்துவிடும்.

அப்புறம், காய்ச்சலோ நோய்த்தொற்றோ இருக்கும்போது வைட்டமின் ஏ பார்க்காதீர்கள். அதைச் சுமக்கும் புரதம் அந்த நேரத்தில் குறையும். சேமிப்பு போதுமானதாக இருந்தாலும் ரிப்போர்ட் பற்றாக்குறை என்றே காட்டலாம்.