அந்திவானச் சிவப்பு வெளுக்காமல் இருக்க

கடற்கரையில் சூரிய அஸ்தமனத்தைப் படமெடுக்கும் முன் கேமராவில் படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து ‘கிளவுடி’க்கு மாற்றிவிடுங்கள். மொபைலில் ப்ரோ மோடுக்குள் போய் ஒயிட் பேலன்ஸை 6000 முதல் 6500 கெல்வினுக்குள் (நிறச் சாயலின் அளவு) வைத்தால் போதும்.

ஆட்டோ, வானத்தின் ஆரஞ்சு நிறத்தைப் பிழை என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்கும். நாம் எதைப் பார்த்து மயங்கி நின்றோமோ, அதையே அது வெளுக்க வைத்துவிடுகிறது. ‘கிளவுடி’ அப்படிக் குறுக்கிடாது, கொஞ்சம் மஞ்சள் கலந்த ஆரஞ்சுச் சாயலையும் சேர்க்கும். எனக்கு இதில் பெரிய லாபம் வேறொன்று: சூரியனை ஓரமாக வைத்து, பாறையை முன்னால் வைத்து என்று விதவிதமாக எடுத்தாலும் ஒயிட் பேலன்ஸ் மாறாது. அதனால் எடிட்டிங்கில் ஒரு படத்துக்குச் செய்த நிறத் திருத்தத்தை மற்றவற்றுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம்.

ரா ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுப்பவர்கள் நிறத்தைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம், அவர்களுக்கு இது கட்டாயமில்லை. ஃபிளாஷ் போட்டு ஆட்களை எடுத்தால் முகம் மஞ்சளாகிவிடும், அப்போது வேண்டாம். சூரியன் மறைந்து வானம் நீலமானதும் ‘டேலைட்’டுக்கு மாற்றுங்கள், அந்த நீலமும் அழகுதான்.